இயல் 5: பதிவேட்டைக் குறுக்கே படியுங்கள்

மும்பையில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எதுவானாலும், அது தாராவியின் மாநகராட்சிப் பள்ளியோ மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து உதவிபெறும் பள்ளியோ, முதல் மணி அடித்ததும் நடக்கும் வேலை ஒன்றுதான். ஆசிரியை பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறார். வந்தவருக்கும் வராதவருக்கும் குறி போட்டு, அன்றைய தேதிக்குக் கீழே வந்தவர் எத்தனை பேர் என்று எழுதுகிறார். அந்த எண் மதிய உணவுக் கணக்குக்குப் போகிறது. மாதக் கடைசியில் சராசரியாகி மேலிடத்துக்குப் போகிறது. மராத்தியில் ஹஜேரி என்று சொல்லும் இந்தக் கணக்கு முழுவதும் மேலிருந்து கீழாக, தேதி தேதியாக நடக்கிறது. ஒரு பிள்ளையின் பெயரில் தொடங்கி, அந்த ஒரு வரிசையை மட்டும் குறுக்கே, ஜூன் முதல் இன்றுவரை படித்துப் பார்ப்பது அரிது. இந்த இயல் உங்களிடம் கேட்பது அந்தக் குறுக்கு வாசிப்பைத்தான். பிள்ளை பள்ளிக்கு வராமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அவள் வரிசையிலேயே தெரிகிறது. தெரிந்த சில நாட்களுக்குள் கவனித்தால் அதைச் சரிசெய்வது பெரும்பாலும் பள்ளியின் கைக்குள் இருக்கிறது. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் யார் கைக்கும் எட்டாமல் போகிறது.

சராசரி எதை மறைக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். 40 பிள்ளைகள் உள்ள ஏழாம் வகுப்பில் வருகை 90 விழுக்காடு என்றால் கேட்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் அந்த 90-க்குள் ஆண்டுக்கு 880 வராத நாட்கள் இருக்கின்றன. 40 பேரும் ஆளுக்கு 22 நாள் வராமல் இருந்தாலும் கணக்கு அதுதான். 36 பேர் ஒரு நாளும் தவறாமல் வந்து, 4 பேர் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தாலும் கணக்கு அதேதான். முதலில் சொன்ன நிலைக்கு வேண்டியது ஒன்று, இரண்டாவது நிலைக்கு வேண்டியது முற்றிலும் வேறு. சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நாட்டளவிலும் இதே நிலைதான். கிராமப்புறங்களில் எடுக்கப்படும் ஏசர் கணக்கெடுப்பின் 2024 அறிக்கைப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் கணக்கெடுப்பவர்கள் அரசுப் பள்ளிக்குப் போன அன்று வகுப்பில் இருந்தவர்கள் சுமார் 76 விழுக்காடு. பெயர் பதிவேட்டில் ஏறியது பாதி வேலைதான். மீதிப் பாதியை வகுப்பறை வகுப்பறையாக, பெயர் பெயராகத்தான் செய்ய முடியும்.

வரிசை சொல்லும் காரணம்

குறுக்கே படிக்கப் பழகிய கண்ணுக்கு வராத நாட்கள் சிதறிக் கிடப்பதாகத் தோன்றாது. அவை ஒரு வடிவத்தில் விழும். வாரந்தோறும் ஒரே கிழமையில் ஓட்டை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாராவியில் அதற்கு முதலில் யோசிக்க வேண்டியது வீட்டு வேலை. இட்லி போட்டு விற்கும் குடும்பங்கள் விடியும் முன்பே எழுந்துவிடும். அப்பளம் தேய்ப்பது, தோல் பைக்கு வார் கோப்பது, தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுவது என்று காலா எனப்படும் சிறு பட்டறைகளில் நடக்கும் வேலையின் ஒரு பகுதி வீட்டுக்குள்ளும் வருகிறது. சரக்கைக் கட்டி அனுப்ப வேண்டிய நாளில் கூடுதலாக இரண்டு கை தேவைப்படும். அந்தக் கை பத்து வயதுப் பிள்ளையின் கையாக இருக்கும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தாலும், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோதான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பைப் பெற்றோருக்கு மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லலாம். அதோடு நடைமுறையான வழி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஷிப்ட் நடக்கும் பள்ளியாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு எந்த ஷிப்ட் பொருந்தும் என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். காலையில் கைவேலை இருக்கும் வீட்டுப் பிள்ளையைக் காலை ஷிப்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டு அவன் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

இன்னொரு வரிசையில் ஓட்டைகள் ஒற்றை ஒற்றையாக, எந்தக் கிழமையும் பாராமல் விழுந்திருக்கும். மூத்த பெண் பிள்ளைகளின் வரிசையில் இது தென்பட்டால் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு, சின்னதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாளெல்லாம் பெரியவள் வீட்டில் நிற்கும் நாள்தான். இங்கே பெரியவளுக்குச் செய்யும் அறிவுரையால் பயன் இல்லை. சின்னவனை அங்கன்வாடியில் சேர்ப்பதுதான் பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பும் வழி. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் இடங்களிலேயே தாராவியும் ஒன்று. அங்கன்வாடி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஆனால் அங்கன்வாடி மூடும் நேரமும் பள்ளி விடும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காகப் பெரியவளின் முழு நாளும் போய்விடும். தலைமையாசிரியர் அங்கன்வாடிப் பணியாளரோடு ஒருமுறை பேசி இந்த இடைவெளியை அடைத்தால் ஒரே நாளில் பல வரிசைகள் நேராகும். இதே வடிவத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் பள்ளி தொடங்கும் நேரமும் மோதுவது ஒன்று. வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளிக் கழிப்பறை பயன்படுத்தும்படி இல்லாதது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தை எந்தத் தாயும் தானாகச் சொல்லமாட்டார். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்களின் வரிசையில் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓட்டை விழுந்தால், முதலில் பள்ளிக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளையும் குழாயையும் போய்ப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலைந்து நாள் தொடர்ச்சியாக விழும் ஓட்டை பெரும்பாலும் காய்ச்சல். மும்பையின் மழைக்காலம் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றையும் கூட்டி வருகிறது. சாக்கடை பொங்கி முட்டளவு தண்ணீரில் நடந்து வரும் பிள்ளைக்கு எலிக்காய்ச்சல் வெறும் பயமுறுத்தல் இல்லை. இந்த ஓட்டையைக் குறை சொல்லக் கூடாது. நோயோடு பிள்ளை பள்ளிக்கு வரவும் கூடாது. ஆனால் ஒரே சந்தில் வசிக்கும் மூன்று பிள்ளைகளின் வரிசையில் ஒரே வாரத்தில் இது விழுந்தால், அந்தச் சந்துக்குச் சுகாதாரப் பணியாளரை அழைத்து வரச் சொல்லும் முதல் தகவல் உங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறது. அடுத்த வடிவம் இரண்டு மூன்று வாரம் நீளும் ஓட்டை. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். சித்திரை, வைகாசியில் வரும் கோயில் கொடை பள்ளியின் மே விடுமுறைக்குள் அடங்கிவிடும். ஆடியில் வரும் கொடை மகாராஷ்டிரப் பள்ளிகள் மும்முரமாக நடக்கும் நேரத்தில் விழும். கொடைக்குப் போகாதே என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை, சொன்னாலும் நடக்காது. போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் முன்கூட்டியே கேட்டு எழுதி, அந்த நாட்களுக்கான பாடத்தைக் கையில் கொடுத்து அனுப்பலாம். திரும்பும் தேதி எழுதப்பட்ட பயணம் பத்து நாளில் முடியும். எழுதப்படாத பயணம் இன்னொரு கல்யாணம், இன்னொரு துக்கம் என்று நீண்டுகொண்டே போகும்.

கடைசியாக ஒரு வடிவம், எல்லாவற்றிலும் ஆபத்தானது. தேர்வு முடிந்ததும் இரண்டு நாள், திருத்திய தாள் கொடுத்ததும் மூன்று நாள், கணக்குப் பாடம் முதல் பாடவேளையில் வரும் நாளெல்லாம் ஒரு நாள் என்று விழும் ஓட்டைகள். இந்தப் பிள்ளை வீட்டில் வேலை இருந்து தங்கவில்லை, பள்ளிக்கு வரப் பயந்து தங்குகிறது. பாடம் புரியவில்லை, அதனால் வரவில்லை. வராததால் இன்னும் புரியவில்லை. இந்தச் சுழலை வீட்டாரால் அறுக்க முடியாது. பள்ளிதான் அறுக்க வேண்டும். எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்பதற்குப் பதில்

இவ்வளவு தூரம் வந்ததும் பல ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. எல்லாம் சரி, அடிப்படையில் இந்தப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்பார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலமுறை ஆள் அனுப்பிச் சலித்தவர்கள். ஆனாலும் இந்த முடிவை ஆதாரங்கள் தாங்கவில்லை. 1996-இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலக் கிராமங்களில் எடுத்த ஆய்வு 1999-இல் ‘ப்ரோப்’ அறிக்கையாக வெளிவந்தது. ஆண் பிள்ளைக்குப் படிப்பு முக்கியம் என்று 98 விழுக்காடு பெற்றோரும், பெண் பிள்ளைக்கு முக்கியம் என்று 89 விழுக்காடு பெற்றோரும் அதில் சொன்னார்கள். இமாசலப் பிரதேசம் நீங்கலாக, வட இந்தியாவில் மிகவும் பின்தங்கிய பகுதிகள் என்று அன்று கருதப்பட்ட இடங்கள் இவை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, பிள்ளை தன்னைப்போல் கஷ்டப்படக் கூடாது என்று நினைக்கும் தாராவிப் பெற்றோருக்கு ஆசை அதைவிடக் குறைவாக இருக்கும் என்று எண்ணக் காரணமில்லை. ஆசை இருக்கிறது. ஆசைக்கும் பள்ளி வாசலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது.

அந்தக் குறுக்கீட்டை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழருக்குத் தங்கள் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கி, பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் விரித்தது. அந்தப் பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த சேர்க்கை 1924-25-இல் 1,671 ஆனது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925 ஏப்ரலில் உணவு நின்றது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் விழுந்தது. சில ஆண்டுகளுக்குள் பெற்றோரின் அக்கறை கூடிப் பிறகு குறைந்துவிட்டதா? பசி என்ற குறுக்கீடு ஒருமுறை விலகி மீண்டும் வந்து நின்றது, அவ்வளவுதான். பின்னர் காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் இந்தப் பாடத்தைத்தான் ஒவ்வொரு படியாக விரித்தன. மும்பைப் பள்ளிகளிலும் இன்று மதிய உணவு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் சீருடை, காலணி, நோட்டு, மழைக்கோட்டு உட்பட 27 பொருள்கள் இலவசம். பசியும் செலவும் பெருமளவு விலகிய பின்னும் வரிசையில் ஓட்டை விழுகிறது என்றால், மீதமிருக்கும் குறுக்கீடுகள் வீட்டுக்கு வீடு வேறுபடுபவை என்று பொருள். ஊருக்கெல்லாம் ஒரே திட்டம் போட்டு அவற்றை விலக்க முடியாது. அதனால்தான் பெயர் பெயராகப் படிக்கச் சொல்கிறோம்.

மூன்றாம் நாள் வாசலில்

நடைமுறை இதுதான். முதல் நாள் வராவிட்டால் அதே சந்திலிருந்து வரும் பிள்ளையிடம் விசாரியுங்கள். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். போன் எடுக்கவில்லை என்றாலும், எடுத்தவரின் பதிலில் தெளிவில்லை என்றாலும், மூன்றாம் நாள் ஒருவர் நேரில் போக வேண்டும். மூன்றாம் நாள் என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் பிள்ளை விட்ட பாடம் மூன்று நாள் பாடம்தான், உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிடலாம். அதற்குள் வீட்டில் அவளுக்கென்று ஒரு வேலை நிலைத்திருக்காது. முப்பதாம் நாள் போனால் அவளுக்குச் சம்பளமே பேசி முடிந்திருக்கும்.

போகிறவர் வாசலில் சொல்லும் முதல் வாக்கியம் பாதி வேலையை முடிக்கும் அல்லது கெடுக்கும். “ஏன் பிள்ளைய அனுப்பல?” என்று தொடங்கினால், கேள்வி நியாயமானதே என்றாலும், எதிரே நிற்பவர் பதில் சொல்லும் குற்றவாளி ஆகிவிடுகிறார். அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். “காய்ச்சல் டீச்சர்” என்று ஒரு பதில் வரும். அதோடு பேச்சு முடியும். “ரெண்டு நாளா பிள்ளையக் காணலயேக்கா, உடம்புக்கு எதுவும் முடியலயோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று தொடங்கிப் பாருங்கள். அப்போதும் முதலில் வருவது காய்ச்சலாகவே இருக்கலாம். ஆனால் உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் உண்மையான காரணம் வெளியே வரும்: வீட்டுக்காரர் மருத்துவமனையில் கிடக்கிறார், வாடகை பாக்கியால் வீடு மாற்றச் சொல்கிறார்கள், பெரிய வகுப்புப் பையன் ஒருவன் வழியில் நின்று கேலி செய்கிறான். போனவர் அன்று செய்ய வேண்டியவை இரண்டே. காரணத்தைப் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வது ஒன்று. பிள்ளையையே பார்த்து, “நாளைக்கு உன் இடம் அப்படியே இருக்கும்” என்று சொல்லிவிட்டு வருவது மற்றொன்று.

திரும்பி வந்த அன்று

அந்த வாக்கை வகுப்பறை காப்பாற்ற வேண்டும். பத்து நாள் கழித்து வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி எங்கே போயிருந்தாய் என்று நாற்பது பேர் முன்னால் கேட்பது, மறுநாள் வராதே என்று சொல்வதற்குச் சமம். விட்ட பாடத்தை அவளாக எழுதி முடிக்கட்டும் என்று நோட்டைத் தள்ளுவதும் அப்படித்தான். நோட்டில் எழுத்து ஏறும், மண்டையில் பின்னக் கணக்கு ஏறாது. பயந்து தங்கும் பிள்ளையின் சுழல் இங்கேதான் அறுபட வேண்டும். மும்பையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1990-களின் நடுவில் இந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளில் வேலையைத் தொடங்கிய பிரதம் அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் ‘பால்சகி’ என்ற திட்டத்தை நடத்தியது. அந்தந்தப் பகுதியிலேயே உயர்நிலைப் படிப்பு முடித்த இளம்பெண்கள், மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் இதை ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. அதிகம் பயனடைந்தவர்கள் மிகவும் பின்தங்கியிருந்தவர்களே. பட்டம் பெற்ற நிபுணர் யாரும் இதற்குத் தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு தாராவிப் பெண், அதே தமிழில், அதே சந்தின் பேச்சில், வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் திரும்பி வந்த பிள்ளைக்கு வகுப்பு மறுபடியும் புரியத் தொடங்கும். புரிகிற இடத்துக்குப் பிள்ளை தானாக வரும்.

பரிசும் தண்டனையும்

பெயரை நீக்கிவிடுவேன் என்று சொன்னால்தான் பயப்படுவார்கள் என்ற மறுப்பை இங்கே எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்ததே ஒழிய, வெளியேற்ற இடம் கொடுக்கவில்லை. சட்டம் இருக்கட்டும், பயனைப் பார்ப்போம். நீண்ட நாள் வராத நாலு பெயரை நீக்கினால் அடுத்த மாதச் சராசரி பளிச்சென்று உயரும். பிள்ளைகள் நால்வரும் காலாவிலேயே இருப்பார்கள். எண் சரியாகும், நோய் அப்படியே இருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஆசிரியர் பணியிடம் சேர்க்கை எண்ணிக்கையைப் பொறுத்தது; தமிழ் வழி வகுப்புகளோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகின்றன. எனவே வராத பிள்ளையை வருவதாகக் காட்டும் ஆசை எழும். வகுப்பை மூடிவிடுவார்களோ என்ற அந்தக் கவலை உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் பொய்க் குறி போட்ட வரிசையில் ஓட்டை தெரியாது. ஓட்டை தெரியாத பிள்ளையைத் தேடி யாரும் போகமாட்டார்கள். தமிழ் வழிப் பள்ளியைக் காப்பாற்றப் போவது, இங்கே பிள்ளை வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆள் வருவார்கள் என்று சந்தில் பரவும் பேச்சுத்தான்.

பரிசைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஒரு நாளும் தவறாதவருக்குக் கோப்பை என்றால், ஜூலையில் டெங்கு வந்த பிள்ளைக்கு ஆண்டு அப்போதே முடிந்துவிட்டது. இனி வந்தென்ன வராவிட்டால் என்ன என்றுதான் தோன்றும். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், முன்பு ஏதோ ஒரு மாதம் தவறாமல் வந்ததற்காகத் திடீரென விருது பெற்றவர்களின் வருகை பிறகு கூடவில்லை, சற்றுக் குறைந்தே போனது. மகாராஷ்டிரம் 1992 முதல் ஒடுக்கப்பட்ட, ஏழைக் குடும்பப் பெண் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 1 ரூபாய் வருகைப் படி கொடுத்து வந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஆண்டு முழுதும் வந்தாலும் 220 ரூபாய்தான். பெரியவள் வீட்டில் நின்றால் தாய்க்கு மிஞ்சும் கூலியை அது ஈடுகட்டாது. பரிசு தர விரும்பினால் முன்னேற்றத்துக்குத் தாருங்கள். சென்ற மாதம் ஏழு நாள் வராதவள் இந்த மாதம் இரண்டு நாள்தான் வரவில்லை என்றால், கைதட்டல் அவளுக்கு.

பரிசைவிடப் பலன் தருவது தகவல். தங்கள் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெற்றோர் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போகும் நாட்களை யாரும் கூட்டி வைப்பதில்லை. பிலடெல்பியா நகரில் 28,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பிள்ளை இதுவரை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் போட்டதாலேயே, நீண்ட நாள் வராதோர் எண்ணிக்கை 10 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு எழுதியதால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. ஆகவே மாதக் கடைசியில் ஒரு சீட்டு போதும்: “உங்கள் மகள் இந்த மாதம் 22 பள்ளி நாட்களில் 17 நாள் வந்தாள். ஜூனிலிருந்து மொத்தம் 14 நாள் வரவில்லை. விட்டுப்போன பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அன்று அவசியம் அனுப்புங்கள்.” இதில் குற்றச்சாட்டு இல்லை, ஒப்பீடு இல்லை, எண்ணும் அழைப்பும் மட்டும்தான். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இதையே வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள். ஆசிரியையின் சொந்தக் குரலாக இருப்பது நல்லது.

இடம் மாறும் பிள்ளைகள்

மும்பையின் ஏழைக் குடும்பத்துக்கு முகவரி நிலையானதல்ல. செம்பூரை அடுத்த ஜனதா காலனியில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அவர்களில் தமிழர் பலர், 1976-இல் அகற்றப்பட்டு சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று தாராவியே மறுசீரமைப்பின் வாசலில் நிற்கிறது. எந்தக் குடும்பம் அங்கேயே இருக்கும், எது வெளியே போகும் என்பது தகுதிக் கணக்குகளைப் பொறுத்தது. வீடு மாறும் மாதத்தில்தான் படிப்பு அறுபடுகிறது, அதுவும் சத்தமில்லாமல். பழைய பள்ளி, பிள்ளை வேறு எங்கோ சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறது. புதிய பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. ஆகவே குடும்பம் கிளம்பும் முன் பெற்றோரிடம் இரண்டு உரிமைகளைச் சொல்லி அனுப்புங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்க மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. இரண்டும் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கின்றன. வேலை தேடி இடம்பெயரும் பிள்ளைகளுக்காக மகாராஷ்டிரம் கல்வி உத்தரவாத அட்டை என்ற ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது. அந்த அட்டையைக் கையில் கொடுத்தனுப்புங்கள். அதன் பிறகு புதிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு போன் செய்து, பிள்ளை சேர்ந்தது உறுதியான பின்பே உங்கள் பதிவேட்டில் அந்த வரிசையை மூடுங்கள்.

யார் செய்வது

ஆசிரியருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்பதுதான் மிஞ்சியிருக்கும் மறுப்பு. அது மெய். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டம் சொன்னாலும் படிவங்கள் குறைவதில்லை. ஆனால் குறுக்கு வாசிப்பு வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிட வேலை. நாற்பது வரிசையில் கண்ணை ஓட்டி, ஓட்டை கூடிய பெயர்களைத் தனியே எழுதினால் போதும். வீட்டுக்குப் போவதைப் பகிர்ந்துகொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 90 அடி சாலைப் பக்கம் ஒருவர், கிராஸ் ரோட்டுக்கு ஒருவர், மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு ஒருவர் என்று அந்தத் தாய்மாரிடம் சந்துகளைப் பிரித்துக் கொடுத்தால், மூன்றாம் நாள் நடை யாருக்கும் பாரமாகாது. ஒன்றை மட்டும் பகிர முடியாது. அது ஆசிரியரின் சொந்த வருகை. 2003-இல் உலக வங்கி சார்பில் நாடு முழுவதும் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்த ஆய்வில் நால்வரில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் அது சுமார் 15 விழுக்காடு, மாநிலங்களிலேயே குறைவு. அந்த நற்பெயரைக் காப்பது முக்கியம். வகுப்புக்கு டீச்சர் வரமாட்டார் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிள்ளையை எந்தச் சீட்டும் அழைத்து வராது.

இதையெல்லாம் ஒரே நாளில் முழுப் பள்ளிக்கும் தொடங்க வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை உங்கள் வகுப்புப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கோலைப் பெயருக்குக் கீழே வைத்து, ஜூனிலிருந்து வலப்பக்கமாக நகர்த்துங்கள். ஓட்டை அதிகமுள்ள மூன்று பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே நீங்கள் ஊகிக்கும் காரணத்தை எழுதி, அடுத்த வாரத்துக்குள் வீட்டில் கேட்டு அறிந்த காரணத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் வாசிப்பு சரி. வேறாக இருந்தால், அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பள்ளிக்கு இதுவரை தெரியாத ஒன்று இப்போது தெரிந்திருக்கிறது. வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.